மணி அடிக்கவும் ஒரு சட்டப் பிரிவு

பிரான்ஸின் பழைய கிராமம் எதற்குள் நுழைந்தாலும் நடுவில் ஒரு தேவாலயக் கோபுரம் நிற்கும். அந்தக் கட்டடம் யாருடையது? திருச்சபையுடையது என்றுதான் தோன்றும். ஆனால் 1905-க்கு முன் கட்டிய கத்தோலிக்கத் தேவாலயம் என்றால் அநேகமாக அது ஊராட்சியின் சொத்து. பாரிஸின் நோத்ர தாம் பேராலயமோ நேரடியாக அரசுக்கே சொந்தம். மதத்தையும் அரசையும் கறாராகப் பிரித்துவைத்த நாடு என்று பெயரெடுத்த பிரான்ஸில் இது எப்படி?

1801-இல் நெப்போலியன் போப்பாண்டவருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். ஆயர்களை அரசு நியமிக்கும். குருக்களுக்குச் சம்பளமும் அரசே கொடுக்கும். புராட்டஸ்டன்ட் போதகர்கள் அந்தச் சம்பளப் பட்டியலில் சேர்ந்தார்கள். 1831-இல் யூத ரபிகளும் சேர்ந்தார்கள். நூறாண்டு ஓடிய அந்த ஏற்பாட்டை 1905 டிசம்பர் 9-ஆம் தேதிச் சட்டம் முடித்துவைத்தது. அவரவர் மனச்சான்றின் சுதந்திரத்துக்குக் குடியரசு பொறுப்பு என்கிறது முதல் பிரிவு. எந்த மதத்துக்கும் அங்கீகாரம் இல்லை, சம்பளம் இல்லை, மானியம் இல்லை என்கிறது இரண்டாம் பிரிவு. இப்படி அரசு எந்த மதத்தையும் சாராதிருப்பதைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் ‘லாயிசித்தே’ என்கிறார்கள்.

இரண்டாம் பிரிவிலேயே ஒரு விலக்கும் உண்டு. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். சிறை, மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களில் வழிபாட்டுப் பணிக்கு அரசு செலவிடலாம். கைதி நினைத்த நேரத்தில் எழுந்து கோயிலுக்குப் போக முடியாது. அவரை உள்ளே வைத்திருப்பது அரசு. அப்படியென்றால் அவருடைய வழிபாட்டுக்கு வழிசெய்வதும் அரசின் கடமைதானே!

சொத்து விஷயத்தில் சிக்கல் முற்றியது. மதத்தவர் ‘வழிபாட்டுச் சங்கம்’ அமைத்துக் கட்டடங்களைப் பெற்றுக்கொள்ளலாம் என்றது சட்டம். 1906-இல் போப் பத்தாம் பத்திநாதர் கத்தோலிக்கர்கள் அதில் சேரக் கூடாது என்று தடுத்துவிட்டார். வாங்கிக்கொள்ள ஆளில்லை, பூட்டிவைத்தால் கலவரம். 1907-இல் அரசு ஒரு வழி கண்டது. சொத்து ஊராட்சியிடமே இருக்கட்டும், வழிபாடு வழக்கம்போல நடக்கட்டும். திருச்சபைக்கு, வாடகையே கொடுக்காத, காலி செய்யச் சொல்லவும் முடியாத குடித்தனக்காரர் நிலை! கூரை ஒழுகினால் ஊராட்சி தன் பணத்தில் சரிசெய்யலாம்.

ஒரு தேதிக்கு இவ்வளவு வலிமை இருப்பதில் அநியாயமும் கலந்திருக்கிறது. 1905-இல் பிரான்ஸில் மசூதிகள் அநேகமாக இல்லை; பின்னால் வந்த முஸ்லிம்களுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. பாரிஸ் பெரிய மசூதிக்கு மட்டும், முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக உயிர்விட்ட முஸ்லிம் வீரர்களின் நினைவாக, 1920-இல் தனிச் சட்டம் போட்டு அரசு பணம் கொடுத்தது. 1926-இல் அது திறக்கப்பட்டது.

1905 சட்டத்தின் 27-ஆம் பிரிவு கோயில் மணியைப் பற்றியது. மணி எப்போது அடிக்கலாம் என்று மேயர் ஆணையிடுவார். அவருக்கும் வழிபாட்டுச் சங்கத்துக்கும் ஒத்துவராவிட்டால் மாவட்ட நிர்வாகி தீர்த்துவைப்பார். மணியோசை கோயிலில் பிறந்தாலும் ஊரார் எல்லோருடைய காதிலும் விழுகிறதே!

மற்ற நாடுகள் வேறு வேறு இடத்தில் கோடு கிழித்தன. அமெரிக்கா 1791-இலேயே தேசிய மதம் கூடாது என்றது. ஆனால் 1956 முதல் அதன் தேசிய முழக்கத்தில் கடவுள் இருக்கிறார். ஜெர்மனியில் திருச்சபை உறுப்பினருக்கு வருமான வரி 10,000 யூரோ என்றால், மாநிலத்தைப் பொறுத்து இன்னும் 800 அல்லது 900 யூரோவைத் திருச்சபைக்காக அரசே வசூலித்துக் கொடுக்கிறது. இங்கிலாந்தில் 26 ஆயர்களுக்கு நாடாளுமன்ற மேலவையில் இடம் உண்டு. தமிழ்நாட்டில் கோயில் நிர்வாகத்துக்கென்றே ஓர் அரசுத் துறை இயங்குகிறது.

பிரான்ஸுக்கே திரும்பினால், 1905 சட்டம் கட்டிப்போட்டது அரசைத்தான். ஆனால் 2004-இல் அங்கே வந்த சட்டம் அரசுப் பள்ளி மாணவர்கள் பளிச்சென்று தெரியும் மத அடையாளங்களை அணிவதைத் தடுத்தது. நடுநிலையாக இருக்கும் பொறுப்பு அரசிடமிருந்து குடிமக்களின் உடம்புக்கு நகர்ந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். அங்கே இன்றும் சூடு ஆறாத விவாதம் அது.

எல்லாவற்றையும்விட வியப்பு கிழக்கு எல்லையில் இருக்கிறது. அல்சாஸும் மொசேலும் 1871 முதல் ஜெர்மனியிடம் இருந்தன. 1905-இல் சட்டம் வந்தபோது அவை பிரான்ஸிலேயே இல்லை. முதல் உலகப் போர் முடிந்து அவை திரும்பி வந்தபோது நெப்போலியனின் பழைய உடன்படிக்கையும் கூடவே வந்தது. 1924-இல் பிரதமர் எரியோ அதை நீக்கப் பார்த்தார். மக்கள் திரண்டு எதிர்த்ததால் கைவிட்டார். இன்றும் அங்கே குரு, போதகர், ரபி மூவருக்கும் அரசு சம்பளம்; பள்ளியில் மத வகுப்பு; ஸ்த்ராஸ்பூர் பேராயரை நியமிக்கும் ஆணையில் குடியரசுத் தலைவரின் கையெழுத்து. இது அரசியலமைப்புக்கு முரண் என்று வழக்கு வந்தபோது, 2013-இல் அரசியலமைப்பு மன்றம் முரணில்லை என்றது: 1946-இலும் 1958-இலும் அரசியலமைப்பை எழுதியவர்களுக்கு இந்தப் பழைய ஏற்பாட்டைக் கலைக்கும் எண்ணம் இருக்கவில்லையாம்.