மின்சார வண்டி வாங்கலாமா?



2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நம்முள் எவரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோல் நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசைகள் நீண்டு கிடந்தன. ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாயிற்று. ஆசிரியர் வந்து சேர வழியின்றிப் பாடசாலைகள் மூடப்பட்டன. புத்தளம் கடற்கரையோரத்துப் பாடசாலையொன்றின் அதிபராகிய நான், அந்நாட்களில்தான் பழைய மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். அதனால் அடைந்த நன்மையையும் பட்ட நட்டத்தையும் கொண்டு, மின்சார வண்டியின் சாதக பாதகங்களை இன்று ஆராய்வோம்.

முதலில் சாதகத்தைப் பார்ப்போம். பெற்றோல் எரிவதால் உண்டாகும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சென்றடைகிறது. மின்சார வண்டியிலோ பற்றரியிலிருந்து புறப்படும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. என் வீட்டுக்கும் பாடசாலைக்கும் போய்வர 22 கிலோமீற்றர். முன்னர் அதற்கு அரை லீற்றர் பெற்றோல் வேண்டும். மின்சார ஸ்கூட்டருக்கு ஓர் அலகுக்கும் குறைவான மின்சாரம் போதியதாயிற்று. எண்ணெய் மாற்றும் செலவில்லை; புகையில்லை; இரைச்சலுமில்லை.

இனிப் பாதகத்துக்கு வருவோம். மின்சார வண்டியின் விலையிற் பெரும்பங்கு அதன் பற்றரியிலேயே அடங்கியிருக்கிறது. எனது ஸ்கூட்டரில் இருந்தது ஈயப் பற்றரி. 72 வோல்ற், 20 அம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய ஒன்றரை அலகு. ஐந்து ஆண்டுகள் உழைக்கும் என்று விற்றவர் உறுதி கூறினார். பதினான்கு மாதங்களில் அதன் ஓட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. விசாரித்தபோதுதான் என் பிழையும் விளங்கிற்று. ஈயப் பற்றரியை முற்றாக வடியவிட்டுப் பலமணிநேரம் அப்படியே வைத்தால், உள்ளிருக்கும் தகடுகளிற் சல்பேற் படிந்து இறுகிவிடும். நான் நாள்தோறும் செய்தது அதுவே. புதிய பற்றரிக்குக் கொடுத்த பணம், மிச்சம் பிடித்த பெற்றோல் காசில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது.

இலிதியம் பற்றரி எடை குறைந்தது, நீண்டகாலம் உழைப்பது. ஆயினும் அதற்கும் வெப்பம் பகையே. 2015 ஆம் ஆண்டளவில் இலங்கைக்குப் பெருந்தொகையாக வந்த நிசான் லீஃப் கார்களின் பற்றரிக்குத் திரவக் குளிர்ச்சி ஏற்பாடு இல்லை. வெப்பமான இடங்களில் அது விரைவிற் தளர்வது, 2012 இலேயே அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வெளிப்பட்டது. 2011 ஆம் ஆண்டு மாதிரி புதிதாக இருந்தபோதே, அமெரிக்க அளவீட்டின்படி ஒரே ஏற்றத்தில் ஓடியது 117 கிலோமீற்றர். புத்தளத்திலிருந்து கொழும்போ ஏறக்குறைய 130 கிலோமீற்றர். வீட்டுச் சாதாரண இணைப்பில் அதன் பற்றரியை நிரப்பப் பத்து மணிநேரத்துக்கு மேலாகும். இன்று வரும் புதிய கார்கள் இதனினும் நெடுந்தூரம் ஓடுவன. விலையும் அதற்கேற்ப உயர்ந்தது.

நம் பகுதிக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. உப்பளக் காற்று வீட்டுக் கதவுப் பிணைச்சலையே தின்றுவிடுகிறது. மின்னிணைப்பு முனைகளை விட்டுவைக்குமா? அவற்றை இடைக்கிடை துப்புரவு செய்து உலர்ந்த நிலையில் வைத்திருத்தல் வேண்டும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நாம் எண்ண வேண்டும். நம் மாவட்டத்து நுரைச்சோலையில் 300 மெகாவாற் வலுக்கொண்ட மூன்று இயந்திரங்கள் நிலக்கரியால் இயங்குகின்றன. முதலாவது 2011 இல் தொடங்கிற்று. ஏனைய இரண்டும் 2014 இற் சேர்ந்தன. நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்டதே மின்சாரமாகிறது. ஆகவே கொழும்புத் தெருவிற் குறையும் புகையில் ஒரு பகுதி, நம்மூர்ப் புகைபோக்கியில் வெளியேறுகிறது. கரித்தூளும் சாம்பலும் பற்றி அயற்கிராமத்தவர் முறையிட்டு வந்திருப்பதை நாம் அறிவோம். நீர்மின்சாரமும், மாம்புரியிலும் களப்போரத்திலும் சுழலும் காற்றாலைகளும், கூரைச் சூரியத்தகடுகளும் பெருகுமளவுக்கே மின்சார வண்டியின் தூய்மை முழுமைபெறும். மின்சாரமும் தவறாது கிடைக்குமென்று சொல்வதற்கில்லை. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றதால் அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டு நேர்ந்தது.

அப்படியாயின் வாங்கலாமா? நாள்தோறும் ஒரே வழியில், குறுந்தூரம் போய்வருவோருக்கு வாங்குவது நன்றே. நெடுந்தூரம் ஓடுவோரும், இரவில் வண்டியை வைத்து மின்னேற்ற வசதியற்றோரும் சற்றுப் பொறுத்திருக்கலாம். வாங்குமுன் பற்றரி எவ்வகையினது, அதற்கு எழுத்துமூல உத்தரவாதம் எத்தனை ஆண்டு, புதிய பற்றரியின் விலை என்ன என்ற மூன்றையும் கேளுங்கள். பழைய வண்டியானால் விற்பவர் சொல்லை நம்பாது, முழு மின்னேற்றத்துடன் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கும், அவ்வேளையில் மின்னேற்றாதீர்கள். நேரத்துக்கேற்ற கட்டண முறையைத் தெரிந்தெடுத்தோருக்கு, பத்தரைக்குப் பின் ஏற்றுவது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

நான் இன்றும் அதே ஸ்கூட்டரிலேதான் பாடசாலை போகிறேன். வீடு திரும்பி அதன் சூடு ஆறியதும், அன்றன்றே மின்னேற்றிவிடுகிறேன். இரண்டாவது பற்றரி, முதலாவது தளர்ந்த காலத்தைக் கடந்தும் உழைக்கிறது.