ஒரு பால்மரம், ஆறு அலமாரிகள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் வீட்டில் இருக்கும் புத்தகங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சாமி மேடை அருகே ஒரு தேவாரத் திரட்டு, ராகு காலம் பார்க்க ஒரு பஞ்சாங்கம். பிள்ளைகளின் மேசையில் தேர்வுப் பயிற்சி நூல்கள். அம்மா எப்போதோ வாங்கிய இரண்டொரு நாவல்கள். ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா, எங்கே போனாலும் பெரும்பாலும் இதே பட்டியல்தான். "எனக்குக் கதைப் புத்தகம்தான் பிடிக்கும்" என்று சொல்பவரை நான் குறை கூறமாட்டேன். ஆனால் வேறு எதையும் கையில் எடுத்துப் பார்க்காமலேயே அந்த முடிவுக்கு வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இதற்குக் காரணம் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் பாடங்களை மலாயில் படிக்கிறான். அவனுடைய தமிழ் வாசிப்பு சிறுவர் கதையோடு நின்றுவிடுகிறது. பதினைந்து வயதில் அவனுக்கு மோட்டார் எஞ்சின் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை வரலாம், வானத்து நட்சத்திரம் பற்றி ஆசை வரலாம். அதற்கான தமிழ்ப் புத்தகம் எங்கே இருக்கிறதென்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை. மலாய்ப் புத்தகமோ அவனுக்குப் பாடநூலாகவே தெரிகிறது. எஸ்.பி.எம். முடிந்ததும் புத்தகமும் முடிந்துவிடுகிறது.

மலாக்காவில் இப்படி நடப்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி எனப்படும் முன்ஷி அப்துல்லா இந்த ஊர்க்காரர். அரபு, தமிழ் வழிவந்த குடும்பம். இந்திய வணிகர்கள் நிறைந்திருந்த அன்றைய மலாக்காவில், கணக்கு வழக்குக்கும் பேச்சுக்கும் தமிழ் தேவைப்பட்டது. அதனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாக இருந்தது என்றும், தம் தந்தையும் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பினார் என்றும் அவரே எழுதியிருக்கிறார். பிறகு கிறிஸ்துவப் பாதிரிமார்களிடம் ஆங்கிலம் கற்றார், அச்சுத் தொழிலையும் தெரிந்துகொண்டார். 1849இல் அச்சேறிய 'ஹிக்காயாட் அப்துல்லா' அப்படிப்பட்ட மனிதர் எழுதிய நூல். நம்மில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருக்கிறோம்?

சரி, பல துறைப் புத்தகங்களை எப்படித் தேடுவது? துறையின் பெயரைச் சொல்லித் தேடப் போனால் அலுத்துவிடும். நமக்குத் தெரிந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். தோட்டப்புறத்தாருக்குப் பால்மரத்தைவிடத் தெரிந்த பொருள் ஏது?

பொது நூலகங்கள் பலவற்றில் புத்தகத்தின் முதுகில் ஓர் எண் ஒட்டியிருக்கும். அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட முறை அது. அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்து, 000இலிருந்து 999 வரை எண் கொடுத்தார். 500 என்றால் அறிவியல், 600 தொழில்நுட்பம், 800 இலக்கியம், 900 வரலாறும் நாடுகளும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வீட்டு முகவரி மாதிரிதான் அதுவும்.

இப்போது பால்மரத்தைத் தேடுவோம். மரம் வளர்ப்பது, பால் வெட்டுவது பற்றிய நூல் 633இல், பயிர்களோடு இருக்கும். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனது, 1877இல் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தது, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை ரிட்லி கண்டறிந்தது எல்லாம் அந்தப் பக்கம் கிடைக்கும். 1896இல் டான் சே யான் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்ட இடம் நம் புக்கிட் லிந்தாங்தான். அந்தப் பாலிலிருந்து டயரும் கையுறையும் செய்வது எப்படி என்பது 678. மரம் வெட்டியவரின் சம்பளமும் சங்கமும் 331. அவர் கப்பலேறி வந்த கதை 325. கெர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட, மலாயா இந்தியர் பற்றிய ஆங்கில ஆய்வு நூல் இந்த விஷயத்தில் இன்றும் தவிர்க்க முடியாதது. கனமான புத்தகம்தான், ஓர் அத்தியாயம் படித்தாலும் நம் பாட்டன் ஏன் இங்கே வந்தார் என்பது விளங்கும்.

அதே தோட்டத்து ஆட்களை 1942, 43இல் ஜப்பானியர் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் போர் வரலாறு 940இல். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', மலேசியத் தோட்ட வாழ்வை அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' ஆகிய நாவல்கள் தமிழ் இலக்கியத்துக்கான 894.811இல். ஒரே மரம், ஆறு இடங்கள். நாவல் மட்டும் படித்தவருக்குக் கண்ணீர் வரும். ஆனால் அந்த இரயில் பாதை எதற்காகப் போடப்பட்டது என்று தெரியாது. வரலாறு மட்டும் படித்தவருக்குப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர் என்பது தெரியும், லயத்தில் காத்திருந்த மனைவியைத் தெரியாது. இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி.

அலமாரியில் தேடிய புத்தகத்தை எடுத்தவுடன் திரும்பிவிடாதீர்கள். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே பொருளைப் பேசும் நூல்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். பிள்ளைகளை அழைத்துப் போனால், இரண்டு புத்தகம் அவர்கள் விருப்பம், ஒன்று அவர்கள் இதுவரை நிற்காத அலமாரியிலிருந்து என்று சொல்லிப் பாருங்கள். பத்துப் பக்கம் படித்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடட்டும். அதில் ஒரு காசும் நஷ்டமில்லை.

"நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் குறைவாக இருக்கிறதே" என்பீர்கள். உண்மைதான். யாரும் கேட்காத மொழியில் எந்த நூலகமும் வாங்கிக் குவிக்காது. கேட்டு எழுதிக் கொடுங்கள். இணையத்தில் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் ஈழத்தமிழர் தொடங்கிய நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவை காசில்லாமல் திறந்திருக்கின்றன. கைத்தொலைபேசியில் படிக்கலாம். தமிழில் கிடைக்காததை மலாயில் படியுங்கள். அப்துல்லாவின் ஊரில் அதற்குக் கூச்சம் எதற்கு?

இன்னொரு வகைப் புத்தகம் இருக்கிறது. கோயில் கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், தோட்டத்துச் சங்கத்தின் சிறு வெளியீடு. தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, சனங்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபோது, மூட்டை கட்டாமல் விட்டுப்போனவை பெரும்பாலும் இவைதான். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன்கூட 2019இல் நின்றுவிட்டது. சிறு மலர்களை யார் காப்பார்கள்? நம் நாட்டில் அச்சாகும் நூலின் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மலர் வெளியிடும் நிர்வாகத்தினர் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். பழைய மலர் பரணில் கிடந்தால், கரையான் முந்திக்கொள்வதற்குள் இறக்கித் தூசி தட்டி, புக்கிட் பாருவில் உள்ள மலாக்கா மாநில நூலகத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். உங்கள் தோட்டத்தின் பெயர் அச்சான ஒரே நூலாக அது இருக்கக்கூடும்.