காலி டிரைவைத் திறந்தால் ஏன் பிழைச்செய்தி?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி இலக்கிய மன்ற விழாவில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் நடித்த நாடகத்தைக் கேமராவில் பதிவு செய்திருந்தோம். மறுநாள் கேமராவின் மெமரி கார்டை ஆய்வகக் கணினியின் கார்டு ரீடரில் செருகினேன். திரையில் 'ரிமூவபிள் டிஸ்க்' என்று நான்கு டிரைவுகள் தெரிந்தன. முதலாவதைத் திறந்தேன். டிரைவில் டிஸ்க்கைச் செருகும்படி ஒரு செய்தி வந்தது. மூன்று முறை முயன்றும் அதே செய்திதான். கார்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, கேமராவைக் கையாண்ட மாணவனைக் கடிந்துகொண்டேன். அவன் கண் கலங்க நின்றான். பிறகு மூன்றாவது டிரைவைத் திறந்தால், நாடகம் முழுவதும் அதில் பத்திரமாக இருந்தது!

கார்டிலும் தவறில்லை, மாணவனிடமும் தவறில்லை. நான் திறந்தது காலி டிரைவை.

ஏன் இப்படி?

பென் டிரைவை எடுத்துவிட்டால் அதன் டிரைவ் எழுத்தும் திரையிலிருந்து மறைந்துவிடும். கார்டு ரீடர் அப்படியல்ல. ரீடர் கணினியோடு இணைந்தே இருக்கும். கார்டு மட்டும் வந்து போகும். பலவகைக் கார்டுகளை ஏற்கும் ரீடர்கள் பலவற்றில், ஒவ்வொரு துளைக்கும் விண்டோஸ் ஓர் எழுத்தை ஒதுக்கிவிடுகிறது. உள்ளே கார்டு இருக்க வேண்டும் என்பதில்லை.

வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை. பெயரை எத்தனை முறை அழைத்தாலும் 'உள்ளேன் ஐயா' என்ற குரல் வராது. காலி டிரைவும் அதுபோலத்தான்.

சில மென்பொருள்கள் கடைசியாகக் கோப்பைத் திறந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறையும் அங்கேயே தேடும். இதற்குள் கார்டை எடுத்திருந்தால் இதே செய்தி வரும். 'கேன்சல்' கொடுத்துவிட்டு, கோப்பு இருக்கும் இடத்தை சி அல்லது டி டிரைவுக்கு மாற்றினால் போதும்.

என்ன செய்யலாம்?

1. 'டிஸ்க்கைச் செருகவும்' என்று வந்தால் பதற்றம் வேண்டாம். மற்ற டிரைவுகளையும் திறந்து பாருங்கள்.

2. மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் வைத்துச் செருகுகிறோம். அடாப்டருக்குள் கார்டு இருக்கிறதா, சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் அடாப்டரைச் செருகினாலும் டிரைவ் காலிதான்.

3. விண்டோஸ் 7, 10 ஆகியவற்றில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் சென்று, 'வியூ' பகுதியில் 'ஹைட் எம்ப்டி டிரைவ்ஸ்' என்பதைத் தேர்வு செய்தால் காலி டிரைவுகள் திரையில் தெரியாது. எங்கள் கணினியில் அந்தத் தேர்வு நீக்கப்பட்டிருந்தது.

ஓர் எச்சரிக்கை

டிஸ்க்கை 'ஃபார்மட்' செய்ய வேண்டும் என்று கேட்கும் செய்தி வேறு. துளையில் கார்டு இருக்கிறது, ஆனால் அதிலுள்ளதைக் கணினியால் படிக்க முடியவில்லை என்பது அதன் பொருள். அவசரத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால் படங்களும் காணொளிகளும் நம் கையைவிட்டுப் போகலாம். 'கேன்சல்' கொடுத்துவிட்டு, கார்டை மீண்டும் கேமராவிலோ வேறு கணினியிலோ போட்டுப் பாருங்கள்.

அன்று மாலையே வகுப்பின் முன்னால் அந்த மாணவனிடம் வருத்தம் தெரிவித்தேன். இப்போது எங்கள் ஆய்வகத்தில் கார்டைச் செருகும் துளைக்கு மேல் அதன் டிரைவ் எழுத்தை ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எழுதி ஒட்டியவன் அவன்தான்.