பூஜ்யங்களுக்கு எதற்கு இடம்?

சேலம் மாவட்டம் ஏற்காட்டில், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963-ல் தொடங்கப்பட்டது. அந்த ஊர் இருக்கும் சேர்வராயன் மலையில் எங்கெங்கே என்னென்ன செடிகள் உள்ளன என்பதை உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். எப்படிச் செய்வீர்கள்?

இடத்திற்கு ஒரு வரிசை, செடிக்கு ஒரு நெடுவரிசை. செடி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இதற்குத்தான் பைனரி மேட்ரிக்ஸ் என்று பெயர். எல்லாச் செடியும் எல்லா இடத்திலும் வளர்வதில்லை. இந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா செவராயென்சிஸ் என்ற அரிய மரத்தின் நெடுவரிசையில் ஒரு சில 1 மட்டுமே இருக்கும். இப்படிப் பெரும்பாலும் 0 ஆக இருப்பதை ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ் என்பார்கள்.

கணக்குக்காக 100 இடம், 1,000 செடி, மொத்தம் 2,000 பதிவு என்று கொள்வோம். கட்டங்கள் ஒரு லட்சம்! அவற்றை மூன்று வழிகளில் சேமிக்கலாம்.

1. கட்டத்திற்கு ஒரு பைட்: 1,00,000 பைட்.

2. கட்டத்திற்கு ஒரு பிட்: 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 12,500 பைட் போதும்.

3. பூஜ்யங்களை விட்டுவிடுவது: ஒவ்வொரு இடத்திலும் உள்ள செடிகளின் எண்களை மட்டும் வரிசையாக எழுதுகிறோம். எண்ணுக்கு 2 பைட் வீதம் 4,000 பைட். ஒவ்வொரு இடத்தின் பட்டியலும் எங்கே தொடங்குகிறது என்று குறிக்க இன்னும் சுமார் 200 பைட். அவ்வளவுதான்!

அப்படியானால் மூன்றாவது வழிதான் எப்போதும் சிறந்ததா? இல்லை. அதில் ஒரு பதிவுக்கு 16 பிட் செலவாகிறது. 16 கட்டங்களுக்கு ஒன்றுக்கு மேல் 1 வந்துவிட்டால், இரண்டாவது வழியே சிக்கனம். வேகமும் முக்கியம். இரண்டு இடங்களுக்குப் பொதுவான செடிகளைத் தேடும்போது, பிட் முறையில் 64 பிட் கம்ப்யூட்டர் ஒரே 'ஆண்ட்' கட்டளையில் 64 செடிகளை ஒப்பிட்டுவிடும். பட்டியல் முறையில், ஏறுவரிசையில் உள்ள இரண்டு பட்டியல்களையும் ஒருமுறை படித்தாலே போதும்.

இணையத் தேடுதளங்களும் எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் உள்ளது என்று இதே போன்ற பட்டியல்தான் வைத்துள்ளன.

ஓர் எச்சரிக்கை. 0 என்றால் 'அங்கே செடி இல்லை' என்றும் பொருள், 'யாரும் போய்ப் பார்க்கவில்லை' என்றும் பொருள். பூஜ்யங்களை நீக்கும் முன், ஆய்வு செய்த இடங்களின் பட்டியலைத் தனியாக வைத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால், யாரும் பார்க்காத இடத்தில் இருக்கும் அரிய மரத்தை உங்கள் கம்ப்யூட்டர் 'இல்லை' என்று சொல்லிவிடும்!