திருப்பத்தில் ஒலிக்கும் வண்டி

இண்டூரிலிருந்து பென்னாகரம் வழியே ஒகேனக்கல்லுக்குச் செல்லும் சாலை, பென்னாகரத்தைக் கடந்தபின் மலையிறங்கத் தொடங்குகின்றது. நேர்வழியில் வாய்திறவாது ஓடிவந்த கார், அங்குள்ள கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் 'டக், டக்' என்று ஒலிப்பதுண்டு. வளைவு முடிந்ததும் ஒலி அடங்கிவிடும். ஓட்டுபவரின் கவலையும் அத்துடன் அடங்கிவிடுவதுதான் வருந்தத்தக்கது. அவ்வொலி எதனால் எழுகின்றது, அதனை எவ்வாறு கண்டறிந்து களைவது என்பதை இங்கே நோக்குவோம்.

வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட மிகுதியான தொலைவு உருள வேண்டும். இரண்டிற்கும் இடைப்பட்ட அகலம் 1.3 மீட்டர் எனக் கொள்வோம். அரைவட்டமாகத் திரும்பும் ஒரு வளைவில் வெளிச்சக்கரம் ஏறத்தாழ 4 மீட்டர் கூடுதலாக உருளும். வளைவு பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வேறுபாடு மாறாது. ஐயமுடையோர் வட்டத்தின் சுற்றளவுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மாட்டுவண்டிக்கு இதனால் இடர் ஏதுமில்லை. அதன் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுழல்கின்றன. காரிலோ எஞ்சின் சக்கரங்களைச் சுழற்றவும் வேண்டும், அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். இதற்கெனவே 'டிஃபரன்ஷியல்' என்னும் பற்சக்கரத் தொகுதி அமைந்தது. அதற்கான உரிமத்தைப் பிரான்சு நாட்டுப் பெக்கர் என்பார் 1827-இல் பெற்றார்.

1958 முதல் 2014 வரை நம் நாட்டில் உருவான அம்பாசடர் காரில் பின்சக்கரங்கள் வண்டியைத் தள்ளின; முன்சக்கரங்கள் திரும்புவதோடு நின்றன. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் நிலைமை மாறலாயிற்று. அதில் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஒரே காளையை ஏரிலும் கவலையிலும் ஒருசேரப் பூட்டியது போன்ற ஏற்பாடு இது! இன்றைய சிறு கார்களுள் பெரும்பாலானவை இவ்வகையினவே.

சாய்ந்து திரும்பும் சக்கரத்திற்கும் சீரான சுழற்சியை அளிப்பது, அச்சின் நுனியிலுள்ள ஒரு மூட்டு. பட்டறையினர் இதனைச் 'சி.வி. ஜாயின்ட்' என்பர். பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருண்டு இவ்வேலையைச் செய்கின்றன. அவற்றிற்கு உயிர் கிரீஸ்; அந்தக் கிரீஸைக் காப்பது 'பூட்' எனப்படும் மடிப்புள்ள ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும். மண்ணும் நீரும் உள்ளே புகும். குண்டுகளும் பள்ளங்களும் தேய்ந்து, திருப்பத்தில் சுமை ஏறுகையில் 'டக், டக்' என்னும். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மை வற்றிய மாட்டுவண்டி ஊரெல்லாம் கேட்க அழுவதில்லையா? காரணம் இரண்டிற்கும் ஒன்றே.

ஆயினும் திருப்பத்தில் எழும் ஒலியெல்லாம் இம்மூட்டின் ஒலியன்று. வயிற்றுவலி என்று வரும் மாணவனை, 'எப்போது வலிக்கிறது? கணக்குத் தேர்வு நாளிலா, எல்லா நாளிலுமா?' என்று கேட்பது ஆசிரியர் வழக்கம். வண்டியையும் அவ்வாறே வினவுதல் வேண்டும். ஆளில்லாத திடலில் ஸ்டீயரிங்கை முழுதும் ஒருபுறம் திருப்பி, மெல்ல வட்டமிட்டு, சிறிதே வேகம் கூட்டுக. சக்கரம் சுழலும் வேகத்திற்கு ஏற்ப 'டக், டக்' விரைந்தால் மூட்டுத்தான். இடப்புறம் திரும்புகையில் ஒலித்தால் பெரும்பாலும் வலச்சக்கரத்தின் மூட்டையே ஐயுற வேண்டும். பின்பு ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பி நிறுத்தி, சக்கரத்தின் உட்புறத்தைப் பார்த்தால் கிழிந்த உறையும் தெறித்த கிரீஸும் கண்ணுக்குப் புலப்படும்.

நேர்வழியிலேயே வண்டு போல் முரன்று, வேகத்துடன் வளர்ந்து, ஒருபுறம் திரும்புகையில் மிகுவது சக்கரப் பேரிங்கின் ஒலி. நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதே முனகினாலும் இடித்தாலும் ஸ்பிரிங்கின் மேல்தாங்கியை நோக்குக. எண்ணெயால் இயங்கும் பவர் ஸ்டீயரிங் முழுத் திருப்பத்தில் ஊளையிட்டால் எண்ணெய் அளவைப் பார்த்தல் நன்று. மேடுபள்ளத்திலும் வளைவிலும் 'கடக்' என்று இடிப்பது கீழ்ப்புறப் பால் ஜாயின்டாக இருக்கலாம். அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும் ஆதலால் அவ்வண்டியை மேற்கொண்டு ஓட்டலாகாது.

எங்கள் ஊரில் வாடகைக் கார் ஓட்டும் இளைஞர் ஒருவர், இவ்வினாக்கள் ஒன்றும் கேளாத பட்டறையில் இரண்டு டயர்களை மாற்றிக்கொண்டு வந்தார். பணம் போயிற்று; ஒலி போகவில்லை. கிழிந்திருந்தது உறை.

உறை கிழிந்தும் ஒலி எழாத நிலையிலேயே கண்டுகொண்டால் செலவு சிறிது: மூட்டைக் கழுவி, அதற்குரிய மாலிப்டினம் கலந்த கரிய கிரீஸை இட்டு, புதிய உறை மாட்டினால் போதும். ஒலி தொடங்கிவிட்டால் தேய்ந்த எஃகு மீளாது. கிரீஸை அடைத்துச் சில நாள் வாயடைக்கலாம், அது மருத்துவமன்று. மூட்டையோ முழு ஆக்சிலையோதான் மாற்ற வேண்டும். சக்கர நடுவிலுள்ள பெரிய நட்டைப் புதிதாக இட்டு, வண்டிக் கையேடு கூறும் அளவுக்கு அளவுகாட்டும் ஸ்பானரால் முறுக்குதல் இன்றியமையாதது. தவறினால் பேரிங் கெடும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் புகலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும்.

மூட்டு முற்றும் முறிந்தால் நேர்வது யாதெனின், எஞ்சினின் ஆற்றல் முறிந்த பக்கத்திலேயே வீணே சுழன்றுவிடும். வண்டி ஏறாது என்பது மட்டுமன்று; இறக்கத்தில் கியரின் பிடியும் இராது. சுமை முழுவதும் பிரேக்கின்மேல் விழுந்து, பிரேக் சூடேறித் தளரும். நிறுத்திய வண்டியைக்கூட கியர் தாங்காது. கைப்பிரேக்கும் சக்கரத்தடியில் வைத்த கல்லுமே துணை. ஒகேனக்கல் இறக்கத்திலும் தொப்பூர்க் கணவாயிலும் அடிக்கடி செல்வோர், டயரில் காற்றைப் பார்க்கும்போதே சக்கரத்திற்குப் பின்னுள்ள உறையையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு நிமிடமும் ஒரு கைவிளக்கும் போதும்.