அவசரப்பட்டால் இனிக்காத கிழங்கு

ஒரே கூறில் வாங்கிய இரண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்குகளில் ஒன்றை மைக்ரோவேவில் வைத்துச் சில நிமிடங்களில் வேகவைத்து விடுங்கள். மற்றதை விறகடுப்புச் சாம்பலில் புதைத்து ஒரு மணி நேரம் மறந்துவிடுங்கள். முதலாவது வெந்திருக்கும், ஆனால் மாவு மாவாகச் சப்பென்று இருக்கும். இரண்டாவதைப் பிட்டால் தோலோரம் பாகு கசிந்து விரலில் ஒட்டும். மண்ணும் கொடியும் ஒன்றேதான். மாறியது சூடு ஏறிய வேகம் மட்டும்.

பச்சைக் கிழங்கில் சர்க்கரை ஓரளவுதான் உண்டு. தண்ணீர் போக மிஞ்சுவதில் பெரும்பகுதி மாவுச்சத்து, அதற்கு இனிப்பே கிடையாது. ஆனால் அந்த மாவோடு கூடவே பீட்டா அமைலேஸ் என்ற நொதியையும் இந்தக் கிழங்கு ஏராளமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. 1948லேயே விஞ்ஞானிகள் அதைக் கிழங்கிலிருந்து பிரித்துப் படிகமாக எடுத்துவிட்டார்கள். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. இடியாப்ப இழையை நுனியிலிருந்து கிள்ளிக் கிள்ளி எடுப்பதுபோல, இந்த நொதி சங்கிலியின் முனையிலிருந்து இரண்டிரண்டு கண்ணிகளாக நறுக்கிப் போடும். அந்த இரட்டைக் கண்ணிதான் மால்டோஸ். சீனியின் இனிப்பில் பாதிகூட அதற்கு இல்லை. ஆனாலும் அளவில் அவ்வளவு உண்டாவதால் நாக்கு அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், பச்சையாக இருக்கும்போது மாவுத் துகள்கள் இறுகிக் கிடக்கும். நொதியால் உள்ளே நுழைய முடியாது. சூடு ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் துகள்கள் நீரைக் குடித்து உப்பி, கூழாகி இடம் கொடுக்கும். அந்தப் பக்கம் 80 டிகிரியை நெருங்கினால் நொதியே வெந்து செயலிழந்துவிடும். ஆக, இனிப்பு உண்டாவதற்கு வாய்த்தது நடுவிலிருக்கும் இருபது டிகிரிதான். கிழங்கின் நடுப்பகுதி அந்த எல்லைக்குள் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு மால்டோஸ். மைக்ரோவேவ் அந்த எல்லையை ஒரே தாவாகத் தாவிக் கடந்துவிடுகிறது. சாம்பல் ஊர்ந்து போகிறது.

இதை நடைமுறையில் நன்றாகக் கண்டுகொண்டவர்கள் ஜப்பானியர்கள். சூடான கூழாங்கற்களுக்கு நடுவே கிழங்கை முழுதாகப் புதைத்து நிதானமாகச் சுட்டு, தெருவில் வண்டி தள்ளி விற்பது அங்கே குளிர்கால வழக்கம். அவர்களுடைய பயிர் விஞ்ஞானிகள் இன்னும் ஒரு படி போய், வழக்கத்தைவிட ஏறத்தாழ இருபது டிகிரி குறைந்த சூட்டிலேயே மாவு கூழாகிவிடும் ‘குயிக் ஸ்வீட்’ என்ற ரகத்தை உருவாக்கினார்கள். அதில் எல்லை அகலம் என்பதால் மைக்ரோவேவில் வைத்தாலும் இனிக்கும். நேர்மாறாக, இந்த நொதியே இல்லாத ‘சட்சுமா ஹிக்காரி’ என்ற ரகமும் அங்கே உண்டு. எவ்வளவு நேரம் சுட்டாலும் அது இனிப்பேறாது. நொதியின் வேலை எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இனிப்பு மட்டும் போதுமென்றால் இங்கேயே நிறுத்தலாம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வறுவலாக வேண்டுமென்றால் மேலே சிவக்கவும் வேண்டும். அது வேறு வேதியியல். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருவதை 1912இல் விவரித்தவர் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். இந்த வினை விறுவிறுப்பாக நடக்க 140 டிகிரியாவது வேண்டும். மேற்பரப்பில் ஈரம் இருக்கிற வரை சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. எனவே உள்ளே இனிப்பாக மிதமான சூடும் நிறைய நேரமும் தேவை. வெளியே சிவக்கக் கடும் சூடும் உலர்ந்த மேற்பரப்பும் தேவை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்ப்பதால்தான் பல வீடுகளில் இந்த வறுவல் கருகியும் சப்பென்றும் போகிறது. இரண்டு கட்டமாகப் பிரித்துவிட்டால் இதைவிட எளிய பதார்த்தம் இல்லை.

அரைக் கிலோ கிழங்கைத் தோலோடு நன்றாகக் கழுவி, ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். சின்னதாக நறுக்கினால் சூடு சட்டென்று நடுவுக்குப் போய்விடும், நொதிக்கு நேரம் கிடைக்காது. ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தை உரித்து முழுதாகச் சேர்த்து, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயும் உப்பும் போட்டுப் பிசிறி, தட்டில் பரப்பி அலுமினியத் தாளால் இறுக மூடுங்கள். அவனை முன்கூட்டியே சூடேற்ற வேண்டாம். குளிர்ந்த அவனில் வைத்து 150 டிகிரிக்குத் திருப்பி அரைமணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு 220 டிகிரிக்கு ஏற்றி, இடையில் ஒருமுறை புரட்டி, ஓரம் சிவக்கும்வரை இருபது நிமிடம்போல விடுங்கள். துண்டுகள் ஒன்றையொன்று நெருக்காமல் இருக்க வேண்டும். நெருக்கினால் ஆவி வெளியேறாமல் அவியலாகிவிடும். அவன் இல்லாதவர்கள் கனமான இரும்பு வாணலியில், தண்ணீர் தெளிக்காமல், மூடிபோட்டுச் சிறுதீயில் இருபது நிமிடம். அப்புறம் திறந்து, தீயைக் கூட்டிப் புரட்டினால் போதும். என் நாக்குக்கு வாணலி வறுவல்தான் ஒரு படி மேல்.

மிளகாய்த்தூளும் சீரகத்தூளும் கறிவேப்பிலையும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான். முதலிலேயே போட்டால் அந்தச் சூட்டில் தீய்ந்து கசக்கும். இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பு இல்லாவிட்டால் நாலாவது வாயில் திகட்டும். தேன், வெல்லமெல்லாம் சேர்க்கச் சொல்லும் செய்முறைகள் நிறைய உண்டு. முதல் கட்டத்தை ஒழுங்காகச் செய்தால் அதற்கு வேலையே இல்லை.

எந்தக் கிழங்கு? நம் சந்தையில் கிடைக்கும், வெளியே சிவந்து உள்ளே வெளுத்த கிழங்கில் மாவு அதிகம், மொறுமொறுப்பாக வரும். உள்ளே ஆரஞ்சு நிறமாக இருப்பதில் பீட்டா கரோட்டின் நிறைய. உடல் அதை வைட்டமின் ‘ஏ’ ஆக மாற்றிக்கொள்ளும். எண்ணெயோடு சாப்பிட்டால் அது நன்றாகச் சேரும். திருவனந்தபுரத்தின் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தந்த ‘பூ சோனா’ அப்படிப்பட்ட ரகம். ஆப்பிரிக்காவில் இத்தகைய கிழங்குகளைப் பரப்பியவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசே கிடைத்தது. ஆனால் ஆரஞ்சுக் கிழங்கில் ஈரம் கூடுதல், சிவக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

வாங்கியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே போனால் இந்த வெப்ப நாட்டுக் கிழங்குக்கு நடுவில் கட்டி தட்டிவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் இளகாது. காற்றோட்டமான நிழலில் கூடையில் கிடக்கட்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: தண்ணீரில் வேகவைத்ததைவிட, நிதானமாகச் சுட்ட கிழங்கு ரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும். அவர்கள் தட்டில் நாலு துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.