பீடை என்றொரு சொல்

மலைநாட்டுத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோர்க்குப் ‘பீடை’ என்னும் சொல் புதிதன்று. வீட்டில் அடுத்தடுத்து நோய் வந்தால், ‘ஏதோ பீடை பிடித்திருக்கிறது’ என்பர். மருமகள் வந்த நேரம் சரியில்லை என்று எண்ணும் மாமியார், அவளையே ‘பீடை’ என்று ஏசிவிடுவதும் உண்டு. தொல்லை தந்தவன் ஊரைவிட்டுப் போனால், ‘பீடை ஒழிந்தது’ என்று பெருமூச்சு விடுவர். அதே தோட்டத்தின் மருந்து அறையிலோ, தகரப் பாத்திரத்தின்மேல் ‘பீடைநாசினி’ என்று அச்சிட்டிருக்கக் காண்கிறோம். தமிழகத்தார் ‘பூச்சிக்கொல்லி’ என்பதை இலங்கைத் தமிழர் அவ்வாறு வழங்குகின்றனர். லயத்துக் கூரையின்கீழ்க் கிரக தோஷமாக இருக்கும் சொல், மருந்து அறைக்குள் பூச்சியும் பூஞ்சணமுமாக உருமாறி நிற்கிறது.

வடமொழியில் துன்பம், வருத்தம் என்னும் பொருளுடைய ‘பீடா’ என்பதே நம்மிடம் பீடையாயிற்று. நம் சோதிடர் அதனைக் கோள்களோடு பிணைத்தனர். மக்களோ மார்கழியையும் விட்டுவைக்காமல் ‘பீடை மாதம்’ ஆக்கினர். ‘பீடுடைய மாதம்’ என்பதே அவ்வாறு திரிந்தது என்று பெரியோர் விளக்குவர். பெருமையைக் குறித்த சொல்லே பேச்சில் சற்றுத் திரிந்து பழியாகிவிட்டது என்பது இவ்விளக்கத்தின் கருத்து.

ஆங்கிலத்திலும் பீடைக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. ‘பிளைட்’ என்பது அதன் பெயர். பயிரை வாட்டும் நோய்க்கும், வாழ்வைக் கெடுக்கும் தீவினைக்கும் ஆங்கிலேயர் அச்சொல்லையே ஆள்வர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஏட்டில் ஏறியது. அதன் வேர் இன்னதென்று மொழிநூலார் துணிந்து கூறுவதில்லை. உழவரும் தோட்டக்காரரும் பேசிய பேச்சிலிருந்து வந்திருக்கலாம் என்பர். நேற்றுப் பசுமையாக நின்ற பயிர் இன்று கருகிக் கிடக்கிறது. காற்றில் வந்ததோ, வானிலிருந்து இறங்கியதோ, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அழித்துவிட்டது. அந்த ‘ஏதோ ஒன்று’தான் பிளைட். காரணம் தெரியாத இடத்தை நிரப்புவதற்காகப் பிறந்த சொல் அது. அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அது வயலை விட்டு வீட்டுக்குள்ளும் புகுந்து, மனிதரின் இன்பத்தையும் நம்பிக்கையையும் கருக்கும் தீமைக்கெல்லாம் பெயராயிற்று.

1845-ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரைப் பிளைட் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். இன்னும் பத்து இலட்சம் பேருக்கு மேல் கப்பலேறி நாட்டை விட்டகன்றனர். ஆண்டவன் தந்த தண்டனை என்றனர் சிலர். ஈரக் காற்றின் விளைவு என்றனர் வேறு சிலர். இலையின் மேல் காணப்படும் நுண்ணிய பூஞ்சணமே நோய்க்குக் காரணம் என்று 1846-இல் எழுதியவர் பாதிரியாரும் தாவரவியலாருமான பெர்க்லி. அன்று அவர் கூற்றைப் பலர் ஏற்கவில்லை. பின்னர் 1861-இல் ஜெர்மானிய அறிஞர் டி பாரி அதனை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்தார்.

அந்தப் பெர்க்லியின் பெயர் நம் மலைநாட்டு வரலாற்றிலும் வருகிறது. 1869-இல் ஊவாப் பகுதியின் மடுல்சீமையில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி அவற்றை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத ஒரு பூஞ்சணம் என்று கண்டு, ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். இலத்தீனில் வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் பாழாக்குபவள் என்பது பொருள். தோட்டத் துரைமார் அந்தப் பெயரை வேடிக்கையாகத் திரித்து, ‘பாழாக்கும் எமிலி’ என்றனர். கண்ணுக்குத் தெரியாத நோயை ஒரு பெண்ணாக்கிப் பழிப்பதில், மருமகளைப் பீடை என்ற நம் மாமியாருக்கு அத்துரைமார் எவ்வகையிலும் இளைத்தவரல்லர்.

தொடக்கத்தில் அவர்கள் அஞ்சவில்லை. கோப்பியின் விலை உயர்ந்திருந்ததால் மேலும் காட்டை அழித்து மேலும் கோப்பியை நட்டனர். 1870-களின் இறுதியில் கோப்பி ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் பரவியிருந்தது. விளைச்சல் குறையக் குறைய, மண் சரியில்லை, மழை சரியில்லை, காலம் சரியில்லை என்றனர். 1880-இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாரை அரசு வரவழைத்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுதான். ஈராண்டுகள் இங்கே தங்கி ஆராய்ந்த அவர், பூஞ்சணத்தின் நுண்வித்துகள் காற்றிலே பரந்து, ஈரமான இலையில் முளைத்து, உள்ளே புகுகின்றன என்று காட்டினார். மலை மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே நோய்க்கு விருந்து வைத்ததாயிற்று என்றும் எச்சரித்தார். பீடை வானிலிருந்து விழவில்லை; பாதி காற்றில் வந்தது, மீதி மனிதனின் பேராசையில் விளைந்தது என்பதே அவர் கண்ட உண்மையின் சாரம்.

ஆனால் அப்போது அவர் கையில் மருந்து இல்லை. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்தால் இத்தகைய பூஞ்சணங்கள் அடங்கும் என்பதைப் பிரான்சு நாட்டின் மில்லார்டே 1885-இல் வெளியிட்டார். வார்ட் இலங்கையை விட்டுச் சென்று அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் கோப்பி வீழ்ந்துவிட்டது. 1884-இல் ஓரியண்டல் வங்கியும் முறிந்தது. துரைமார் பலர் கையிருப்பை இழந்து ஊர் திரும்பினர். சம்பளப் பாக்கியைப் பெறாமலே மன்னார் வழியாகத் தென்னிந்தியாவுக்குத் திரும்பிய தொழிலாளரின் இழப்போ எந்த வங்கிக் கணக்கிலும் ஏறவில்லை. 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலையே பிறகு கோப்பியின் இடத்தைப் பிடித்தது.

தேயிலைக்கும் பீடை வந்தது. அசாமில் 1868 முதலே அறியப்பட்டிருந்த கொப்புள நோய் 1946-இல் இலங்கையை எட்டியது. ‘பிளிஸ்டர் பிளைட்’ என்பது அதன் ஆங்கிலப் பெயர். அது முற்றிய இலையைத் தொடுவதில்லை. கூடைக்குப் போகும் இளங்கொழுந்தையே நாடுகிறது. முதலில் கண்ணாடிபோல் ஒரு புள்ளி, பிறகு இலையின் கீழ்ப்புறத்தில் கொப்புளம், அதன்மேல் வெண்பொடி. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் தென்மேற்குப் பருவ மழையும் மூடுபனியும் சேரும் நாட்களில் அது செழிக்கும். வெயில் வந்தால் ஒடுங்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் புதிதாகத் துளிர்க்கும் தளிருக்கு அதனால் ஆபத்து மிகுதி.

கவ்வாத்துத் தொடங்குமுன் கவ்வாத்துச்சாமிக்குப் பூசை வைக்கும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. அதனை நாம் எள்ள வேண்டுவதில்லை. ஆனால் இம்முறை பூசையோடு காரணமும் தெரிந்திருந்தது. தலவாக்கலை சென்கூம்ஸ் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் நோயின் போக்கை ஆராய்ந்து, செம்பு கலந்த மருந்தைத் தெளிக்கும் முறையை வகுத்தனர். வார்டுக்குக் கிட்டாத மருந்து இவர்களுக்குக் கிட்டியது. கோப்பி அழிந்தது; தேயிலை பிழைத்தது.

காரணம் தெரிந்தபின் பிளைட் என்ற சொல் ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை, பயிரை விட்டு மனிதர்மேல் ஏறிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தமக்குப் பிடிக்காத மனிதனை ஆங்கிலேயர் ‘பிளைட்டர்’ என்று ஏசத் தொடங்கினர். அமெரிக்காவிலோ, வறியோர் வாழும் நகர்ப்பகுதிகளுக்குப் ‘பிளைட் பிடித்தவை’ என்று பெயரிட்டு இடித்தனர். 1954-இல் வாஷிங்டன் நகர வழக்கொன்றில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதற்கு இடந்தந்தது. கூரை ஒழுகுவதற்கு யார் காரணம் என்று கேட்பதினும், கூரையின்கீழ் இருப்பவனைப் பீடை என்பது எளிதன்றோ!

நம் மலைகளிலும் அதுவே நடந்தது. கொழுந்து குறைந்த நாளில், குறித்த நிறையை எட்டாத பெண்ணுக்கு அரைப்பேர்தான் விழும். கொழுந்தைத் தின்றது பூஞ்சணம். கூலியை இழந்தவள் அவள். வீடு திரும்பியவள் ‘என் தலையெழுத்து’ என்பாள். இந்தத் தலையெழுத்து அவளுடைய கூலியோடு நின்றதும் இல்லை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டில் அவர்களது வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று எழுதப்பட்டது. அம்மக்களை ஒருவரும் கேட்கவில்லை. புகையிரத நிலையங்களில் உறவைப் பிரிந்து கதறியவர்களும், ‘நம்மைப் பிடித்த பீடை’ என்றும் ‘தலைவிதி’ என்றுமே சொல்லி ஆற்றிக்கொண்டனர்.

ஆனால் அது கோளின் செயலன்று; தாளின் செயல். எழுதியவர்க்குக் கையும் பெயரும் இருந்தன. ஆகவேதான் அதனைத் திருத்தி எழுதவும் முடிந்தது. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம், எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியது. பிரம்மன் எழுதியதாக இருந்திருந்தால் எந்தப் பாராளுமன்றம் அதனை மாற்றியிருக்கும்?

கொழுந்துக்கு வந்த பீடையைக் கண்டால் இன்று நாம் சோதிடரைத் தேடி ஓடுவதில்லை; இலையைப் புரட்டிப் பார்க்கிறோம், என்ன நோய் என்று கேட்கிறோம். லயத்துக்கு வரும் துன்பத்திலும் அவ்வாறே கேட்கப் பழக வேண்டும். ஒழுகும் கூரைக்கு யார் பொறுப்பு, குறைந்த கூலிக்கு எந்தக் கணக்கு, பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு எது தடை என்று கேட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்தால் மருந்தும் தேடலாம். இலங்கைத் தமிழர் ‘பீடை’யோடு ‘நாசினி’யையும் சேர்த்து ஒரு சொல் செய்து வைத்திருக்கின்றனர். அதனை மருந்து அறையிலேயே பூட்டி வைத்துவிடலாகாது.